தெற்கு மூலை மண்

கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காதில் விழுவது ஆற்றுச் சத்தம். அப்புறம் பொன்முடிக்குப் போகிற வண்டிகளின் ஹார்ன். காது கொஞ்சம் பழகினபின் சில்வண்டு. அந்தப் பக்கத்தில் பட்டப்பகலிலேயே கத்தும். அந்தச் சத்தத்தினூடே நடந்து, ஒரு ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி, அந்த அக்காவின் வேலிப்படலைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் என் காது அடைத்துக்கொண்டது. மலை ஏறும்போது அடைக்குமே, அதுதான் என்று நினைத்தேன். எச்சில் விழுங்கிப் பார்த்தேன். கொட்டாவி விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வெளியே வந்தேன், சில்வண்டு கத்தியது. மறுபடி உள்ளே போனேன், இல்லை.

என் காதில் கோளாறில்லை. அந்த நிலத்தில் கத்துவதற்கு எதுவும் உயிரோடு இல்லை.

நான் அங்கே போனது மண்ணைத் தேற்றச் சொல்லிக் கொடுப்பதற்கு. ஆபீசர் மைக்கைப் பிடித்துப் பேசினால் விவசாயிகள் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள் என்று கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசில் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். கெட்டுப்போன மண்ணைத் தேற்றிக் காட்டிய ஒரு விவசாயி, மற்ற விவசாயிகளின் நிலத்துக்கே போக வேண்டும். கூட நின்று தோண்ட வேண்டும், சுமக்க வேண்டும், கலக்க வேண்டும். அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் நாளைக்கு வேறு நாலு பேர் நிலத்துக்குப் போவார்கள். அந்த வேலைக்கு என்னைப் பிடித்தார்கள். நான் கரமனை அக்கிரகாரத்தில் பிறந்தவள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் குத்தகைக்கு நிலம் எடுத்து மண்வெட்டியோடு இறங்கியபோது தெருவில் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். கீரைக்கட்டு இனாமாக வர ஆரம்பித்ததும் விரலை எடுத்துவிட்டார்கள். எனக்கு முன்கோபம் உண்டு, வாயும் நீளம். மண்ணைப் பற்றி யாராவது சாமி, தோஷம், கண்ணேறு என்று ஆரம்பித்தால் அங்கேயே பாதியில் வெட்டிவிடுவேன். அப்படிப்பட்டவளைத்தான் அந்த நிலத்துக்கு அனுப்பினார்கள்.

கல்லாற்றுக் குழுவில் ஏழெட்டுப் பெண்கள். முறை வைத்து ஒவ்வொருத்தர் நிலத்தில் கூடுவோம். எங்களுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. போகிறவர்கள் குற்றம் சொல்லக் கூடாது. நிலத்துக்காரிதான் முதல் மண்வெட்டு வெட்ட வேண்டும். மண்ணுக்கு ஊற்றுகிற எதுவும் அந்த நிலத்திலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும், கடையில் வாங்கியதோ பக்கத்து வீட்டில் கேட்டதோ ஆகாது. அந்தந்த இடத்து வெயிலும் மழையும் பழகின உயிர்தான் அங்கே நிலைக்கும் என்பது எங்கள் கணக்கு.

இந்த அக்காவின் அப்பா அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள். இவர் கல்லாற்றுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தமிழ் பேச ஒரு ஆள் வந்தது என்று என்னிடம் கொஞ்சம் கூடுதல் ஒட்டுதல். கணவர் இறந்து அதிக நாள் ஆகவில்லை. நெஞ்சுவலி. ஒரே மகள், கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். நிலம் கணவர் பேரிலும் அவருடைய தம்பி பேரிலும் கூட்டாக இருந்தது.

"கொழுந்தன் விக்கணும்னு நிக்காரு மாமி," என்றார் முதல் நாளே. "ரிசார்ட் கெட்டுகதுக்கு ஒரு ஆளு வந்து கேக்கானாம். ஒரு வாழை குலைக்கது வரைக்கும் பொறுக்கேன், அதுக்குள்ள இந்த மண்ணுல எதாவது தின்னுகது மாதிரி வந்தா நீங்க இருந்துக்கிடுங்க மைனி, இல்லைன்னா கையொப்பு போட்டுத் தாங்கன்னு சொல்லிட்டாரு. எனக்கு வேற போக எடம் இல்ல, கேட்டியளா. பெங்களூர்ல மக வீட்டுல ஒரு ரூமுதான் கெடக்கு."

ஆக, ஒரு வாழைக் குலை. அந்த மண் அதைக் கொடுத்தால் அவர் இருக்கலாம், கொடுக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

நிலத்தைச் சுற்றி வந்தேன். எப்போதோ வெட்டிப்போட்ட வாழைத்தண்டுகள் கிடந்தன. அழுகவில்லை, காய்ந்து தோலாகிக் கிடந்தன. மரத்திலிருந்து விழுந்த பலாப்பழம் ஒன்று விழுந்த இடத்திலேயே கறுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு ஈ இல்லை, எறும்பு இல்லை. பழுத்து விழுந்த பலாவில் ஈ மொய்க்காததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். போன வருஷத்து இலைகள் நரம்பு மாறாமல் கிடந்தன. மிதித்தால் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நின்றது. நட்ட வாழைகள் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அக்கா சொன்னது போல, வந்தவர்கள் உட்காராமல் நிற்பது மாதிரி நின்றன.

காரணம் மர்மமானது இல்லை. அவர் கணவர் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கூலிக்கு மருந்து அடித்தவர். களைக்கொல்லி, பூச்சிக்கு, பூசணத்துக்கு, எல்லாம். தொட்டியில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் நிலத்திலேயே அடித்துத் தீர்ப்பார். புல் ஒன்று தலை காட்டாத முற்றம் அவருக்குப் பெருமை. "சிமென்ட் போட்டது மாதிரி வச்சிருந்தாரு," என்றார் அக்கா. பெருமையாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. பருத்தித் துணியில் ஒரு துண்டு கிழித்து ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, அடையாளத்துக்குக் குச்சி நட்டுவிட்டுப் போவது. ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நல்ல மண் அதைத் தின்றிருக்கும். நூலும் பிசிறுமாக ஏதோ கையில் வரும். வெள்ளைத் துணியை ஒருவர் நிலத்தில் புதைத்தால் இந்த ஊரில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதது இல்லை. ஆகாதவன் வேலிக்குள் எதையாவது புதைத்துவிட்டு அவன் குடும்பம் கெடக் காத்திருப்பதற்குக் கூடோத்திரம் என்று பேரே உண்டு. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் என் பையைப் பார்த்து, "மாமி, இன்னைக்கு யாரை மண்ணில போடப் போறது?" என்று கேட்பார். "டீயில் தண்ணி ஊத்தறவாளை," என்பேன் நான்.

அக்காவின் வீட்டில் நைட்டியும் பாலியஸ்டர் சேலையும்தான் இருந்தன. சுத்தப் பருத்தி என்றால் கணவரின் முண்டு வேட்டிகள் மட்டும். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, பல்லால் கடித்துக் கிழித்தார். நிலம் முழுக்க அங்கங்கே புதைத்தோம்.

தோண்டிய அன்று பகலிலேயே பொன்முடிப் பனிமூட்டம், மஞ்சு என்பார்கள், இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்கிறவர் தெரியவில்லை. அக்கா முதல் குச்சியைப் பிடுங்கி மண்ணை வெட்டினார். துணி வந்தது. முழுசாக வந்தது. செம்மண் கறை ஏறியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த குச்சியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். தோண்டத் தோண்ட முண்டு துண்டு துண்டாக வெளியே வந்தது. அக்கா ஒவ்வொன்றையும் குழாயடியில் அலசி, பிழிந்து, கொடியில் போட்டார். மஞ்சுக்குள் அந்தத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. கடைசித் துண்டில் முண்டின் கரை இருந்தது, அதன் சாயம்கூடப் போகவில்லை.

"மண்ணுக்கு இவரு துணியும் வேண்டாமாம்," என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. நான் உரக்க, கொஞ்சம் அதிகமாகவே உரக்க, அடுத்த வேலையைச் சொன்னேன். சாணம், கோமூத்திரம், வெல்லம், கடலைமாவு, தண்ணீர். இவற்றை டிரம்மில் கலக்க வேண்டும். அதோடு, தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, உயிருள்ள மண் ஒரு கைப்பிடி. மருந்து படாத இடத்து மண், இந்த நிலத்திலிருந்தே.

"இங்க மருந்து படாத எடமா?" என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

அப்போதுதான் எனக்கு அது கேட்டது. சில்வண்டு. ஒன்றே ஒன்று, வீட்டுக்குப் பின்னாலிருந்து. நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மஞ்சுக்குள் நடந்தேன். அக்கா ஒருநாளும் என்னைக் கூட்டிப்போகாத கொல்லை மூலையில் ஒரு பெரிய தென்னை, பக்கத்தில் ஒரு சின்னத் தென்னம்பிள்ளை. சுற்றிலும் இடுப்பளவுப் புல். நத்தை, எறும்பு, பேர் தெரியாத பூச்சிகள். அந்த நிலத்தில் அப்படி ஒரு மூலையைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தென்னம்பிள்ளையின் அடியில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை வெண்ணெயாக இறங்கியது. அள்ளினேன். மண்புழு ஒன்று விரலிடுக்கில் நெளிந்தது. மோந்து பார்த்தேன். முதல் மழை வாசனை.

ஓட்டமும் நடையுமாக வந்து, எல்லார் மூக்குக்கும் கீழே பிடித்தேன். "பாருங்கோ, இதுதான் மண். எத்தனை நாளாத் தேடறோம், கொல்லையிலேயே வெச்சிண்டு."

ஒருத்தியும் மோந்து பார்க்கவில்லை. இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமி," என்றார் மெதுவாக, "அது எங்க வீட்டுக்காரரு."

இந்தப் பக்கத்து வீடுகளில் இறந்தவர்களைத் தங்கள் நிலத்தின் தெற்கு மூலையிலேயே எரிப்பார்கள், எரித்த இடத்தில் தென்னை நடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் கரமனையில் எங்கள் மனிதர்கள் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போவார்கள், எரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள், முங்கிக் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைவார்கள். கொல்லையில் இரண்டு தென்னையைப் பார்த்தால் தேங்காய்தான் ஞாபகம் வரும், தெற்கு எது என்று பார்க்கத் தோன்றாது. பெரிய தென்னை மாமனாருக்கு, சின்னது கணவருக்கு. அங்கே யாரும் மிதிப்பதில்லை, மண்வெட்டி போடுவதில்லை. மருந்தடிக்கிற அந்த மனிதர்கூடத் தன் அப்பா கிடக்கிற இடத்தில் ஒரு சொட்டு அடித்ததில்லை.

உதறவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, புழுவை மண்ணால் மூடிவிட்டு, நேரே ஆற்றுக்குப் போனேன். முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பஸ்ஸில் அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் மேல் பட்டுவிடக் கூடாது என்று. பயந்துபோயிருந்தேன். தோஷத்தை நம்பாதவளுக்கு என்ன பயம் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். பயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை போகும்போது எங்கள் வழக்கத்தை மீறுவதென்று தீர்மானித்திருந்தேன். என் நிலத்து மண்ணை ஒரு பொட்டலம் கட்டி எடுத்துப் போனேன். உள்ளே நுழைந்தபோது வீட்டின் பின்பக்கம் அக்கா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பக் கெடந்து திளைக்கியோ? அன்னைக்கு எத்தன பாடு சொன்னேன், வேண்டாம் வேண்டாம்னு. கேட்டியா? இப்பத் திளை."

திளைப்பது என்றால் அவர் பேச்சில் கொதிப்பது. விருந்தாளி யாரோ என்று நினைத்துத் தயங்கினேன். எட்டிப் பார்த்தால் அக்கா மட்டும்தான். நீல டிரம்முக்குள் ஒரு கம்பை விட்டு வலம் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். தெற்கு மூலையில், தென்னம்பிள்ளையின் அடியில், ஒரு கைப்பிடி அளவுக்குக் குழி.

"எடுத்துட்டேளா?" என்றேன்.

"எடுத்தாச்சு மாமி. வெளக்கு வச்சு, சொல்லிட்டுதான் எடுத்தேன்." கம்பை நிறுத்தவில்லை. "இவரு கொன்ன மண்ணு. இவரே எழுப்பட்டும்."

டிரம்மை மூடியிருந்த சாக்கை விலக்கிக் காட்டினார். நான் எத்தனையோ டிரம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் சும்மா கிடக்கும், மறுநாள்தான் நுரை கட்டும். இது காலையில் கலந்தது என்றார். அதற்குள் மேலே நுரை ஒரு விரல்கடை ஏறி, நடுவில் குமிழ் வந்து உடைந்து, வந்து உடைந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெயில் அதிகம், வெல்லம் கொஞ்சம் கூடிப்போயிருக்கும் என்று சொன்னேன். அன்றைக்கு வெயிலே இல்லை. கரமனை மண் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நாங்கள் எல்லா நிலத்திலும் செய்கிற வேலைதான். சீமைக்கொன்றைத் தழையை வெட்டி வாழைகளின் அடியில் மூடினோம். டிரம் தண்ணீரை அக்காவே வாளியில் மொண்டு வரிசை வரிசையாக ஊற்றினார். வேறு யாரையும் ஊற்ற விடவில்லை. தெற்கு மூலைக்குப் பக்கத்து வரிசையில் தொடங்கி வீட்டைப் பார்த்து வந்தார். தீர்ந்தால் மறுபடி கலப்பார், மறுபடி ஒரு கைப்பிடி அங்கிருந்து. குழுவில் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு அண்ணன் வீட்டில் விசேஷம். நான் நிறுத்தவில்லை. தொடங்கி வைத்தது நான் என்பதால் அல்ல, என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனது இது. நான் போகிற ஒவ்வொரு முறையும் சில்வண்டுச் சத்தம் இடம் மாறியிருந்தது. முதலில் அந்த மூலையில் மட்டும் இருந்தது. அடுத்த முறை பக்கத்து வாழை வரிசையில் கேட்டது. அப்புறம் அதற்கும் இந்தப் பக்கம். எங்கே கேட்டதோ அங்கே தண்டுகள் அழுக ஆரம்பித்திருந்தன, இலைகள் கறுத்து மண்ணோடு சேர்ந்திருந்தன. எங்கே கேட்கவில்லையோ அங்கே எல்லாம் பழையபடி காய்ந்து கிடந்தது. நடுவில் கோடு போட்ட மாதிரி. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். ஈரம் எங்கே, தழை எங்கே, பூச்சி அங்கே. தெரிந்தும், அந்தக் கோட்டைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் என் நடை தானாக மெதுவாகும்.

மழைக்காலம் பிடித்தபின் ஒருநாள் அடுக்களையில் சாயா கொடுத்துக்கொண்டே அக்கா ஜன்னலைக் காட்டினார். சத்தம் ஜன்னலுக்குக் கீழேயே கேட்டது.

"நேத்தைக்கு இங்க வரைக்கும் வந்தாச்சு," என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. சாயாவைக் குடித்து முடித்தேன்.

வாழை குலை தள்ளிய சமயத்தில் கொழுந்தன் வந்தார். கூடவே ரிசார்ட் கட்டுகிறவரும். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். கொழுந்தனைப் பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் செத்தபின் அக்காவின் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டவர். இந்த மண்ணில் எதுவும் ஆகாது என்று உண்மையிலேயே நம்பினார். விற்றாலும் தெற்கு மூலையை மட்டும் ஒதுக்கி, விளக்கு வைக்கப் போய்வர வழி விட்டு எழுத வேண்டும் என்று பேசி வைத்திருந்தார். அது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான். வாங்குகிறவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ரிசார்ட்காரர் ஷூ காலோடு உள்ளே நுழைந்து வாழைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்துவிட்டார். கொழுந்தன் படலுக்கு வெளியிலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் டீக்கடையில் எதையோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"மைனி, கேட்டது நேராணோ? அண்ணன்டெ அவிடுத்தெ மண்ணு எடுத்தோ?" கேள்விப்பட்டது நிஜமா, அண்ணன் இடத்து மண்ணை எடுத்தீர்களா என்கிறார்.

"எடுத்தேன்."

"எவிடெயொக்கெ ஒழிச்சு?"

எங்கெல்லாம் ஊற்றினீர்கள் என்று கேட்கிறார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்.

"எல்லா எடத்திலயும் ஊத்தினேன் தம்பி. வேலி வரைக்கும், முற்றம் வரைக்கும். ஒரு எடம் பாக்கி இல்ல."

கொழுந்தன் தன் காலடியைப் பார்த்தார். படலுக்கு அந்தப் பக்கம் தார் ரோட்டின் ஓரம், இந்தப் பக்கம் ஈரமான கறுத்த மண், புதுப் புல். குனிந்து செருப்பைக் கழற்றினார். கழற்றி ரோட்டோரம் சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே வரத் தூக்கிய காலை மறுபடி பின்னால் எடுத்துக்கொண்டார். வாழைக்குள் நின்ற ரிசார்ட்காரரைப் பார்த்து, "சாறே, இங்ஙோட்டு எறங்ஙிக்கோ," என்று வெளியே வரக் கூப்பிட்டார். அவர் என்ன விஷயம் என்று புரியாமல் அங்கேயே நின்று ஏதோ கேட்டார். "ஷூ இட்டோண்டு அவிடெ நிக்கண்டா. இது கொடுக்குந்நில்ல," என்றார் கொழுந்தன். ஷூவோடு அங்கே நிற்க வேண்டாம், நிலத்தை விற்கவில்லை என்கிறார்.

ஒரு மூலையை ஒதுக்கி எழுதலாம். முழு நிலத்தையும் எதிலிருந்து ஒதுக்குவது?

ரிசார்ட்காரர் போனபின் கொழுந்தன் "மைனி செய்தது சரியாயில்ல," என்று மட்டும் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தார் ரோட்டிலும் வெறுங்காலோடு நடந்து போனார். அக்கா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இதை நினைத்துத்தான் எல்லா இடத்திலும் ஊற்றினாரா, மண் எழும்ப வேண்டும் என்று மட்டும் ஊற்றினாரா என்று நான் அந்த முகத்தில் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

நிலம் நின்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

ரசகதலிக் குலை பழுத்திருக்கிறது, வாருங்கள் என்று அக்கா போன் செய்தார். போனேன். அடுக்களை முற்றத்தில் குலை தொங்கியது. நல்ல திரட்சி, ஒரு சீப்பு உதிரும் பதத்தில் பழுத்திருந்தது, சின்ன ஈக்கள் மொய்த்தன. என் கையால் தேற்றிய எந்த மண்ணிலும் அப்படி ஒரு குலை வந்ததில்லை. எனக்குப் பெருமை பொங்கியது. ஏன் இன்னும் விற்கக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"யாரு எடுப்பா மாமி? ரோட்டுக் கடைக்காரன் வேண்டாம்னுட்டான். குழுவில உள்ளவளுவ வந்தா, இன்னைக்கு விரதம், நாளைக்கு விரதம். மக போன்ல சொல்லுதா, அம்மா எனக்கு அனுப்பாதே, பிள்ளைக்குக் குடுக்க முடியாதுன்னு." குலையைத் திருப்பி நல்ல பழமாகப் பார்த்தார். "நானும் இன்னும் தின்னல்ல. ரேஷன் அரிசிதான். கையில எடுக்கேன், வாய்க்குப் போக மாட்டேங்கு. இதைத் தின்ன முடியாதுன்னா நான் இந்த எடத்தை வச்சு என்ன செய்ய?"

ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லித் தந்ததுதான மாமி. தின்னுங்க."

சாவு வீட்டில் காரியம் கழிகிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்காத குடும்பத்தில் வந்தவள் நான். என் கை நீளவில்லை. மண் எதையும் சேர்த்து வைக்காது, எல்லாவற்றையும் பிரித்து வேறு ஒன்றாக்கிக் கொடுக்கும் என்று அந்தக் குழுவுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொன்னது நிஜம். அது நிஜம் என்று இப்போதும் தெரியும். இருந்தும் அந்த ஈர வெள்ளைப் பழத்தைப் பார்க்கையில் தென்னம்பிள்ளையின் அடியும் விரலிடுக்கில் நெளிந்த புழுவும்தான் கண்ணில் நின்றன. ஜன்னலுக்குக் கீழே சில்வண்டு கத்தியது. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் வற்புறுத்தியிருக்க மாட்டார். அந்தக் குலை அங்கேயே கறுத்து உதிர்ந்திருக்கும், அவரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பெங்களூர் போயிருப்பார்.

வாங்கினேன். கடித்தேன். தித்திப்பாக இருந்தது, நடுவில் ரசகதலிக்கு உள்ள லேசான புளிப்பு. மென்றேன், விழுங்கத்தான் நேரம் பிடித்தது. விழுங்கினேன்.

அக்கா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இறங்கியது என்று உறுதியானபின், குலைக்குக் கையை உயர்த்தித் தனக்கொரு பழம் பிய்த்து உரித்தார்.